சைக்கிள் டைனமோவும் றொக் பாடகரின் மைக்கும்

கிற்றார் அடிக்கிறவர் தன்ர கிற்றாரோட வருவார். ட்ரம்ஸ்காரர் குச்சியையாவது கொண்டு வருவார். பாடுற ஆள் மட்டும் வெறுங்கையோட வந்து, சவுண்ட் செற்காரர் நீட்டுற மைக்கைப் பிடிப்பார். நேற்றுத் திருவிழாவில அறிவித்தல் வாசிச்ச மைக்காக அது இருக்கும். வலைமூடி நசிஞ்சு, ஸ்விச் தளர்ந்து கிடக்கும். யாழ்ப்பாணத்தில றொக் பாட வெளிக்கிடுற பிள்ளையள் காசு சேர்த்து முதலில வாங்க வேண்டியது சொந்தமா ஒரு மைக் எண்டுதான் நான் சொல்லுவன். எந்த மைக் என்பதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. அதில் ஒரு துண்டு எங்கட ஊர் வரலாறு.

மைக் வர முதல் எங்கட மேடைப் பாட்டு வேற மாதிரி. கூத்தும் இசை நாடகமும் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக உச்சக் குரலில் பாடப்பட்டவை. 1960களின் பிற்பகுதியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடியபோது கேட்டது கதைக்கிற குரல். படலையடியில நிண்டு கதைக்கிற மாதிரியான குரலை மைதானம் முழுக்கக் கொண்டுபோக மைக் வேண்டும். எங்கட துள்ளிசையை மைக் பெற்ற பிள்ளை என்றே நான் நினைக்கிறேன்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1966இல், அமெரிக்காவின் ஷுவர் நிறுவனம் எஸ்.எம். 58ஐ வெளியிட்டது. அதன் முன்னோடி அதே நிறுவனம் 1939இல் கொண்டுவந்த யுனிடைன் 55. எல்விஸ் படங்களில் பார்க்கிற அந்தப் பெரிய வெள்ளி மைக். முன்னால் வருகிற குரலை எடுத்து, பின்னால் இருந்து வருவதைத் தள்ளுகிற குணம் அதில் இருந்தது. அந்தக் குணம் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து கூ எண்டு கத்தும். ஏர்னி சீலர் என்ற பொறியியலாளர் 1959இல் அதைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார். எஸ்.எம். 58ஐ உருவாக்கியவரும் அவர்தான். சீலர் மேலைச் செவ்வியல் இசைப் பிரியர், றொக் அவருக்குப் பிடிக்காது என்று சொல்லப்படுகிறது! எஸ்.எம். என்பதன் விரிவே ஸ்ரூடியோ மைக்ரோபோன். ஸ்ரூடியோக்களில் அது பெரிதாக விலைபோகவில்லை. 1970 அளவில் நிறுத்திவிடலாமா என்று யோசித்தவர்கள், லாஸ் வேகாஸ் மேடைகளுக்குக் கொண்டுபோன பிறகுதான் அது பிடித்துக்கொண்டது. பிறகு த ஹூ குழுவின் ரோஜர் டால்ட்ரி வயரில் பிடித்து, தலைக்கு மேலால் அதைச் சுழற்றிக்கொண்டு பாடினார்.

இந்த மைக் ஏன் சாகாது? உள்ளே இருப்பது ஒரு மென்தகடு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், ஒரு காந்தம். குரல் பட்டுத் தகடு அசைய, காந்தப்புலத்துக்குள் சுருள் அசைந்து மின் பிறக்கிறது. 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டல். எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில இதுக்கு இயங்குசுருள் நுணுக்குப்பன்னி எண்டு பேர். (அந்தப் பேரைச் சொல்லி எந்தக் கடையிலயும் மைக் வாங்கேலாது.)

யாழ்ப்பாணத்தில் இதே விதியை ஒரு தலைமுறை கையால் சுற்றியது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. பின்னேரம் சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, ரயரில் உரசுகிற டைனமோ றேடியோவுக்கு உயிர் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்ட சனம் இன்றும் எங்கட வீடுகளில் இருக்கினம். காந்தமும் சுருளும் ஒன்றுக்கொன்று அசைந்தால் மின் என்பதற்கு அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மைக்கும் அந்த டைனமோவும் ஒரே சாதிச் சாமான். டைனமோ தருவது 6 வோல்ற், மைக் தருவது சில மில்லிவோல்ற். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே முதல் மைக் டைனமிக் ஆக இருக்கட்டும். கொன்டென்சர் மைக் நுணுக்கமாக எடுக்கும், உண்மைதான். ஆனால் அதுக்கு மிக்சரில இருந்து 48 வோல்ற் வரவேணும். சின்ன மிக்சர்கள் பலதில் அது இல்லை. வயர்லெஸ்ஸுக்குப் பற்றறி வேணும். டைனமிக் மைக் தனக்கெண்டு ஒன்றும் கேட்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாட்டில, வாடகை ஜெனறேற்றரில ஓடுற எந்த சவுண்ட் செற்றிலயும் கொழுவிப் பாடலாம்.

எஸ்.எம். 58தான் வேண்டும் என்றில்லை. சென்ஹைசர் இ835உம் இதே வகைதான். ஸ்விச் இல்லாததை எடுங்கோ. முதலில் பழுதாவது அதுதான், பாட்டின் நடுவில் விரல் பட்டு நிற்பதும் அதுதான். 58க்குப் போலிகள் கனக்க. அசல் ஏறத்தாழ 300 கிராம், கையில் வைத்தாலே பாரம் தெரியும். பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’ எண்டு ஆரும் தந்தால் வாங்காதேங்கோ. மிச்சக் காசில நல்ல வயர் ஒன்று வாங்கலாம்; மேடையில் அறுவது பெரும்பாலும் வயர்தான், மைக் இல்லை.

கடற்காற்றும் வியர்வையும் எச்சிலும் சேர்ந்து வலைமூடியைத் துருப்பிடிக்க வைக்கும். அது திருகிக் கழற்றக்கூடியது, புதிதாகவும் வாங்கலாம். உள்ளே இருக்கிற பஞ்சைச் சோப்புத் தண்ணியில கழுவி, வடிவாக் காய்ஞ்சபிறகு போடுங்கோ. மென்தகட்டில மட்டும் கை வைக்காதேங்கோ.