'டிக்' எங்கே பிறந்தது?

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எச்.எம்.வி. எல்.பி.யாக வந்தது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கமெல்லாம் விடியற்காலையில் அது ஒலித்தது மைக் செட்காரர்களின் புண்ணியம். நடுவே 'டிக்' என்று சத்தம் வந்தால் "ஊசி தேஞ்சு போச்சு" என்பார்கள் அவர்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில டிக்குகள் தட்டோடு கூடப் பிறந்தவை. அவற்றுக்குப் பிறந்த ஊர் கல்கத்தாவின் டம்டம், எச்.எம்.வி.யின் தொழிற்சாலை இருந்த இடம்.

அதே இடத்தில் இன்னொரு பிரதியிலும் டிக் கேட்கிறதா? கேட்காவிட்டால் இந்தத் தட்டில்தான் கீறலோ தூசியோ. கேட்டால் சந்தேகம் ஸ்டாம்பர்மேல் போகும். வினைலை அழுத்தி வரிப்பள்ளம் பதிக்கிற நிக்கல் அச்சு அது. ஒன்று ஏறத்தாழ ஆயிரம் தட்டு தாங்கும். ஸ்டாம்பரை மாற்றியும் டிக் போகவில்லையென்றால், அதைப் பெற்ற 'மதர்' என்ற நிக்கல் தட்டைத் தேட வேண்டும். மதரில் பள்ளம் பள்ளமாகவே இருப்பதால் ஊசி வைத்தே கேட்கலாம். சத்தம் வரும் இடத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, துருத்தி நிற்கும் உலோகத்தைக் கூரிய கருவியால் சீவிவிடுவார்கள். குழியாக இருந்தால் கதை வேறு. சீவலாம், நிரப்ப முடியாது.

குழி எங்கிருந்து வருகிறது? இந்த நிக்கல் தட்டுகளை வளர்க்கும் நிக்கல் சல்ஃபமேட் தொட்டியில் மின்சாரம் பாயும்போது ஹைட்ரஜன் குமிழி ஒன்று பரப்பில் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் நிக்கல் படியாது. அம்பத்தூர் முலாம் பட்டறைக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். அங்கே பஃப் போட்டு ஒப்பேற்றலாம். இங்கே பரப்புதான் பாட்டு, தொடவே கூடாது. ஆகவே கரைசலைக் கலக்கிக்கொண்டே இருப்பது, குமிழி வழுக்கி ஓட ஈரமூட்டி சேர்ப்பது, ஓயாமல் வடிகட்டுவது. நிக்கல் துண்டுகளைப் போட்டுத் தொங்கவிடும் துணிப்பை கிழிந்தால் துகள்கள் பரவி உலோகம் முண்டு முண்டாக வளரும். ஸ்டாம்பரின் முதுகில்தானே என்று விட்டுவிடவும் முடியாது. பிரஸ்ஸின் அழுத்தத்தில் முண்டு முன்பக்கம் வரை எட்டிப் பார்க்கும். முதுகைத் தேய்த்துச் சமமாக்கியே தீர வேண்டும்.

இதற்கும் முந்தியது வெள்ளி. பாட்டின் பள்ளத்தை முதன்முதலில் வெட்டும் லாக்கர் தட்டு மின்சாரம் கடத்தாது. அதனால் அதைச் சோப்பு நீரில் கழுவி, வெள்ளீயக் குளோரைடு பூசி, அலசி, வெள்ளி நைட்ரேட்டைத் தெளித்துக் கண்ணாடிபோல் ஒரு படலம் ஏற்றுவார்கள். என் கணக்கில் பாதித் தவறுகள் இந்த அலசலில்தான். மாமல்லபுரம் கடலோரத்து உப்புக் கிணற்று நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் பால் நிறத்தில் கலங்கும்: வெள்ளி, குளோரைடாக மாறிவிட்டது. அந்தத் தண்ணீரில் அலசிய லாக்கரில் கறைதான் படியும். கறை தட்டில் 'உஸ்' என்று தொடர்ந்து ஒலிக்கும். அயனி நீக்கிய நீர் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது. படலம் மெல்லியது என்பதால் தொட்டியில் மின்னோட்டத்தைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் வெள்ளி கருகிவிடும், சூட்டில் லாக்கரும் இளகும்.

எல்லாவற்றுக்கும் முதல், அலுமினியத் தட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய லாக்கர். சூடேற்றிய ஊசி வெட்டிய பள்ளம் அதில் அப்படியே நிற்பதில்லை. நாளாக ஆக லாக்கர் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மேல் ஸ்தாயி நுணுக்கங்கள் மங்கும், அடுத்த சுற்றின் பாட்டு முன்கூட்டியே மெலிதாக ஒலிக்கும். வெட்டிய கையோடு முலாம் போடுவதுதான் மருந்து. லாக்கர்மேல் வளர்ந்த முதல் நிக்கலை உரித்தெடுக்கும்போது லாக்கர் பெரும்பாலும் பாழாகிவிடும். தவறினால் மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

வெட்டுவதற்கு லாக்கர் கிடைத்தால். உலகத்துக்கே லாக்கர் செய்துகொண்டிருந்த நிறுவனங்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரி 6 அன்று தீயில் எரிந்து போனது. அதற்குப் பிறகு வெள்ளி பூசும்போது ஒரு லாக்கரைக் கெடுத்தவர், அடுத்ததற்கு மற்ற நிறுவனமான ஜப்பானின் எம்.டி.சி. வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.