ஜொகூர் ஆற்றில் நடந்த 130 ஆண்டுப் போர்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் பழைய சாலையில் போகிறவர்கள் உலு திராமைத் தாண்டித்தான் போக வேண்டும். 'உலு' என்றால் ஆற்றின் தலைப்பகுதி. 'திராம்' என்றால் சிப்பி. அந்தச் சிப்பி ஆறு போய்ச் சேருவது ஜொகூர் ஆற்றில். ரப்பர் தோட்டத்தின் கதையும் செம்பனைத் தோட்டத்தின் கதையும் உலு திராம் தமிழர்களுக்கு அத்துப்படி. ஆனால் பக்கத்திலேயே ஓடும் அந்தப் பெரிய ஆற்றின் கதை?

நூறாண்டுப் போர் என்றதும் இங்கிலாந்தும் பிரான்சும்தான் நினைவுக்கு வரும். 1337-இல் தொடங்கி 1453 வரை நடந்த அந்தப் போர்தான் 'நாம் ஆங்கிலேயர்', 'நாம் பிரெஞ்சுக்காரர்' என்ற எண்ணத்தை அங்கே ஆழமாக ஊன்றியது என்பார்கள். அதைவிட நீண்ட ஒரு போர் ஜொகூர் ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது. 1511-இல் தொடங்கி 1641 வரை, 130 ஆண்டுகள்! 'மும்முனைப் போர்' என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கும் இந்தப் போரில் ஜொகூர், அச்சே, போர்த்துகீசியர் என மூன்று தரப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

1511 ஆகஸ்டில் அல்போன்சோ டி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். சுல்தான் மஹ்மூட் ஷா பஹாங்குக்கும் பிறகு பிந்தான் தீவுக்கும் போய் அங்கிருந்து போராடினார். 1526-இல் பிந்தானும் எரிந்தது. சுமத்ராவின் கம்பாரில் அடைக்கலம் புகுந்த அவர் 1528-இல் அங்கேயே இறந்தார். அவருடைய ஒரு மகன் பேராக்கின் முதல் சுல்தானானார். இன்னொரு மகன் அலாவுடின் ஜொகூர் ஆற்றுக்கு வந்து புதிய அரசை அமைத்தார்.

புதிய அரசு என்று சொன்னாலும் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை. 1535-இல் வாஸ்கோ ட காமாவின் மகன் எஸ்தவாவ் ட காமா கப்பல்களோடு வந்து ஊரை அழித்தார். பிறகு ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜொகூர் லாமா எழுந்தது. 1564-இல் அச்சே படை அதைச் சூறையாடி சுல்தானையே பிடித்துக்கொண்டு போனது. மறுபடியும் எழுந்த ஜொகூர் லாமாவை 1587-இல் போர்த்துகீசியத் தளபதி பாவ்லோ டி லீமா தரைமட்டமாக்கினார். நூற்றுக்கணக்கான பீரங்கிகள் கொள்ளை போயின. தலைநகரம் ஆற்றின் மேலே பத்து சாவாருக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் ஊர் போனது. அரசு போகவில்லை!

இது முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த போர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அச்சேயும் ஜொகூரும் ஒரே சமயத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் ஜொகூரை அதிகம் வதைத்தது அச்சேதான் எனலாம். 1582-இல் அச்சே தாக்கியபோது ஜொகூருக்குக் கைகொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள்! ஐந்தே ஆண்டுகளில் அதே போர்த்துகீசியர்கள் ஜொகூர் லாமாவை எரித்தார்கள். மிளகும் நீரிணையின் வணிகமும் யார் கைக்குப் போவது என்பதே சண்டையின் அடிப்படை.

உலகமும் இந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்த நாள் ஒன்று உண்டு. 1603 பிப்ரவரியில் டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க், ஜொகூரின் துணையோடு, இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே சாந்தா கத்தரினா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார். அதிலிருந்த சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கும் மேல் ஏலம் போயின. அந்தக் கொள்ளை நியாயமா என்ற வழக்குக்காகப் பேனா பிடித்தவர் ஹூகோ குரோஷியஸ். 1609-இல் வெளிவந்த அவருடைய 'சுதந்திரக் கடல்' நூல் அதிலிருந்து பிறந்ததுதான். இன்றைய அனைத்துலகக் கடல் சட்டத்தின் வேர்களில் ஒன்று ஜொகூர் ஆற்று முகத்தில் இருக்கிறது!

சரி, கோட்டையும் நகரமும் நிலைக்காத ஒரு மக்களைக் கட்டிப்போட்டது எது? ஒன்று, அரச பரம்பரை. அரசர் எங்கே இருக்கிறாரோ அதுவே நாடு. அவரைப் படகுகளில் ஏற்றித் தப்ப வைத்து, மறுபடியும் கடற்படையாகத் திரண்டு நின்றவர்கள் 'ஓராங் லாவுட்' என்னும் கடல் மக்கள். இன்னொன்று, கதை. 1612-இல் பத்து சாவாரில், அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்ற நிலையில், பழைய மலாக்காவின் வரலாற்றை எழுதும்படி அரச குடும்பத்து ராஜா அப்துல்லா பணித்தார். அதுதான் 'செஜாரா மெலாயு'. 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற நூல் இது. பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு சேர்த்தே இது சொல்லப்படுகிறது.

தமிழ் வாசகர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் அதன் முன்னுரை. துன் ஸ்ரீ லானாங் தம் முன்னோர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போய் மணி புரிந்தான் என்பவரில் முடிக்கிறார். இந்த மணி புரிந்தான் 'கெலிங்' நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியப் பகுதியிலிருந்து, மலாக்காவுக்கு வந்தவர் என்று அதே நூல் சொல்கிறது. பரம்பரையைச் சொல்லி முடித்த கையோடு, தம் இனம் மலாய், மூலம் சிகுந்தாங் மலை, நாடு மலாக்கா, இருப்பது பத்து சாவார் என்கிறார். அவர் எழுதும்போது மலாக்கா கைவிட்டுப் போய் 101 ஆண்டுகள் ஆகிவிட்டன! அவர் பிறப்பதற்கு முன்பே இழந்த ஊர் அது. அதைத்தான் தம் நாடு என்கிறார். கடல் கடந்து வந்த முன்னோரையும் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. இன்று கூட்டரசு அரசியலமைப்பின் 160-ஆவது விதி மலாய்க்காரர் யார் என்பதை முக்கியமாகச் சமயம், மொழி, பழக்கவழக்கம் ஆகியவற்றைக் கொண்டு வரையறுக்கிறது. முன்னோர் எந்த இனம் என்ற கேள்வி அதில் இல்லை. 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றுப் பாடம் கட்டாயத் தேர்ச்சிப் பாடம். ஆண்டுகளை மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்த முன்னுரையை யாராவது எடுத்துச் சொன்னால் பாடம் இனிக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் கெலிங் வணிகர் ஒருவர் இருந்தார். மலாக்காவின் பெரும் வணிகர் நைனா சத்து போர்த்துகீசியர்களுக்கு உதவினார். அல்புகெர்க் அவருக்கு உயர்பதவி கொடுத்தார். 1514-இல் அந்தப் பதவி பறிக்கப்பட்டபோது அவமானம் தாங்காமல் தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். வந்தவர்களுக்கு உதவியவருக்கு வந்தவர்களே செய்த மரியாதை!

செஜாரா மெலாயு எழுதப்பட்ட மறுவருடமே, 1613-இல், அச்சேயின் சுல்தான் இஸ்கண்டார் மூடாவின் படை பத்து சாவாரை அழித்தது. சுல்தான், ராஜா அப்துல்லா, துன் ஸ்ரீ லானாங் மூவருமே அச்சேக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் ஜொகூரின் உதவியோடு மலாக்காவைப் பிடித்தபோது போர் ஓய்ந்தது. போர்த்துகீசியர் போனார்கள், நகரத்தை டச்சுக்காரர்களே வைத்துக்கொண்டார்கள். ஜொகூர் அரசர் யாரும் மலாக்காவுக்குத் திரும்பவில்லை.

துன் ஸ்ரீ லானாங்கும் ஜொகூருக்குத் திரும்பவில்லை. பிடித்துப்போன அச்சேயே அவரைச் சமலங்கா வட்டாரத்தின் தலைவராக்கியது. அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது.