தவறான ஷாக் (ஐசிடி)

உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு எதுவும் இல்லாதபோது, உடலுக்குள் பதித்த ஐசிடி கருவி இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துவிடுவது தவறான ஷாக் எனப்படும். மிஷேல் மிரோவ்ஸ்கி குழுவினர் உருவாக்கிய இக்கருவி, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1980 பிப்ரவரி 4 அன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை 30 முதல் 40 ஜூல் வரை செலுத்தக்கூடியவை. இதயம் நின்று மயங்கிக் கிடப்பவருக்கு அந்த அடி தெரியாது. தவறான ஷாக் விழுவதோ பெரும்பாலும் முழு நினைவில் இருப்பவர்மேல்.

பல சமயம் கருவியில் பழுதே இருக்காது. மேலறை நடுக்கத்தால் துடிப்பு ஏறும்போது, அதைக் கீழறைக் கோளாறு என்று கருவி எடுத்துக்கொள்கிறது. 1,500 பேரிடம் நடந்து 2012இல் வெளியான மேடிட்-ஆர்ஐடி ஆய்வில், நிமிடத்துக்கு 200 துடிப்பை எட்டினால் மட்டும் செயல்படுமாறு கருவியை அமைத்தபோது, தேவையற்ற சிகிச்சைகளும் இறப்புகளும் குறைந்தன.

உண்மையான பழுது பெரும்பாலும், கருவியை இதயத்துடன் இணைக்கும் லீட் கம்பியில்தான். துடிப்புக்குத் துடிப்பு வளைந்து நிமிரும் உறுப்பு அது. மெட்ரானிக் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் லீட்டில் உட்கம்பி முறிந்து, அதில் எழுந்த மின் இரைச்சலையே கருவி துடிப்பாக எண்ணியது. 2007 அக்டோபரில் விற்பனை நின்றபோது, உலகெங்கும் சுமார் 2,68,000 லீட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் ரியாட்டா லீட்டில் உறை உள்ளிருந்தே தேய்ந்து கம்பி வெளியே வந்தது. 2011இல் அதற்கும் எச்சரிக்கை வந்தது.

மூன்றாவது காரணம் மின்கசிவு. கரிசல் நிலமான கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகும். காய்ந்த மண்ணில் மின்தடையும் கூடும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். எர்த் விட்டுப்போன மோட்டாரில் கசிவு இருந்தால், பம்புசெட் தொட்டியில் குளிப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயலாம். அவருக்கு உறைக்காத அளவுகூட 50 ஹெர்ட்ஸ் அலையாக லீட்டில் ஏறும். கருவி அதைக் கீழறை நடுக்கமாக வாசிக்கும். மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்க வீடுகளில் உள்ள ஆர்சிசிபி வழக்கமாக 30 மில்லியாம்பியருக்கு அமைக்கப்பட்டது. அதற்கு மிகக் குறைந்த கசிவு அதில் சிக்காது. கைப்பேசியைக் கண்டு அஞ்சுகிற அளவுக்கு மோட்டாரின் எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. வெல்டிங் பட்டறையும் விலகி நிற்க வேண்டிய இடமே.

ஷாக் அடித்த நேரத்து இதய மின்பதிவைக் கருவி சேமித்து வைத்திருக்கும். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு ஷாக் அடித்து, உடம்பு சுகமாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசலாம். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் கருவியின்மேல் காந்தம் வைத்து ஷாக்கைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். அந்நேரம் உண்மையான கோளாறு வந்தால் கருவி காப்பாற்றாது என்பதால், காந்தம் இருக்கும்வரை இசிஜி திரையைக் கவனித்தபடியே இருப்பார்கள்.