இணையதள உள்ளடக்கமும் நகலெடுப்புத் தடையும்

இணையதளத்தில் வெளியிட்ட எழுத்து, படம், விலைப்பட்டியல் ஆகியவற்றைப் பார்வையாளர் நகலெடுக்காதபடி தொழில்நுட்பத்தால் முழுமையாகத் தடுக்க முடியாது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போதே அதன் நகல் சர்வரிலிருந்து பார்வையாளரின் கைபேசிக்கோ கணினிக்கோ வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் முதலில் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இணையத்தின் அமைப்பு. பதிப்புரிமைச் சட்டம், 1957, தகவல் பரிமாற்றத்தில் தானாக நிகழும் இத்தகைய தற்காலிகச் சேமிப்பை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை 52ஆம் பிரிவில் சேர்த்தது. எடுத்துச் சென்றவர் அதை மறுபடி வெளியிடும்போதோ விற்கும்போதோதான் உரிமையாளருக்குச் சட்டத்தின் துணை கிடைக்கிறது. அதுவும் எல்லா உள்ளடக்கத்துக்கும் கிடைப்பதில்லை.

எது உரிமையாளருக்குரியது, எது பொது என்பதற்கு நாமக்கல் முட்டை விலை நல்ல எடுத்துக்காட்டு. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தன் தளத்தில் மாதந்தோறும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. இடப்பக்கம் மண்டலங்களின் பெயர்கள், மேலே தேதிகள், கடைசியில் மாதச் சராசரி. நாமக்கல் வரிசையில் ஓர் எண் மாறினால் போதும். செய்தித்தாள்களும் செயலிகளும் பண்ணையாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களும் முட்டை விலைக்கென்றே நடத்தப்படும் தளங்களும் அதை எடுத்துப் போட்டுவிடும். முட்டை விலை 5 காசு ஏறியது என்பது ஒரு தகவல். தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை. அது சொல்லப்பட்ட விதத்துக்கே உண்டு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் இந்த எல்லையை வகுத்தது. உழைப்பும் செலவும் மட்டும் பதிப்புரிமை தராது, ஓரளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தொலைபேசி விவரப் புத்தகம் பற்றிய ஃபெய்ஸ்ட் வழக்கில் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தது. விலை ஏன் ஏறியது, தீவன மக்காச்சோளத்தின் வரத்து என்ன, கேரளத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஒருவர் ஆராய்ந்து எழுதினால் அந்தக் கட்டுரையின் வாசகம் அவருடையது. அதிலுள்ள எண்கள் அப்போதும் பொதுவே.

முழுப் படைப்பும் பொதுவாகிவிடுவதும் உண்டு. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) எழுதியவற்றுக்கு, ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் என்ற சட்டக் கணக்குப்படி 2032 முடியும் வரை பதிப்புரிமை நீடித்திருக்கும். தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியதால் இன்று யாரும் அச்சிடலாம், தளத்தில் ஏற்றலாம். அப்பாடல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிய உழைப்பு மதிப்புக்குரியதுதான். ஆனாலும் அந்த உழைப்பு மட்டும் புதிய உரிமை எதையும் தருவதில்லை. நாட்டுடைமையான நூலை ஏற்றிவிட்டு, வாசகர் ஒரு வரியைக்கூட எடுக்க முடியாதபடி பூட்டிவைப்பது நியாயமற்றது. ஊருக்குப் பொதுவான கிணற்றுக்கு வேலி போடுவதற்கு ஒப்பானது அது. புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரையும் விளக்கவுரையும் வேறு. அவை எழுதியவருக்கு உரியவை.

தடுப்பு முறைகளில் மிகப் பரவலானது வலது கிளிக்கை முடக்குவது. பக்கத்தின் நிரலில் ஜாவாஸ்கிரிப்ட் வரி ஒன்றைச் சேர்த்தால் சுட்டியின் வலப் பொத்தான் வேலை செய்யாது. இன்னொரு வரி எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க விடாது. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலோ, வாசிப்புப் பார்வைக்கு மாற்றினாலோ, மூல நிரலைத் திறந்தாலோ இந்தத் தடை போய்விடும். அதற்குக்கூடத் தேவை இருக்காது. கைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுத்தால் படத்திலுள்ள தமிழை எழுத்தாகவே பிரித்துத் தந்துவிடும். எழுத்தை முழுவதுமாகப் படமாக்கிப் போடுவோரும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். அவர்களுக்கு வரும் நட்டம் வேறு: தேடுபொறிகள் அத்தகைய பக்கத்தைச் சரிவரப் படிக்காது, பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களும் படிக்காது. நகலெடுப்பவருக்கு அரை நிமிடத் தாமதம், நேர்மையான வாசகருக்கு நிரந்தரத் தொல்லை என்பதே இந்த முறைகளின் பலன்.

தமிழ் இணையம் இத்தகைய தடை ஒன்றைத் திட்டமிடாமலே சில காலம் கொண்டிருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் இதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தைப் பயன்படுத்தின. ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகளே கிடைக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்களை முன்வைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடையில் எழுத்துரு மாற்றிகள் வந்து அந்தச் சுவரையும் உடைத்தன. யூனிகோடால் நகலெடுப்பு எளிதாயிற்று என்பது உண்மை. தமிழில் தேடவும் அதே மாற்றம்தான் வழி செய்தது.

தானியங்கி நிரல்கள் பக்கங்களை மொத்தமாக அள்ளுவது தனிச் சிக்கல். அவற்றை வர வேண்டாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு 1994 முதல் வழக்கத்தில் உள்ளது. 2022இல் இணையத் தர ஆவணமாகவும் ஆனது. ஆனால் அது வேண்டுகோள்தான். மதிக்காத நிரலை அது நிறுத்தாது. கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகள் சந்தேகத்துக்குரிய வருகையை வாசலிலேயே மறிக்கின்றன. கடவுச்சொல்லும் சந்தாவும் இன்னும் வலுவான தடைகள். ஆயினும் உள்ளே வந்த சந்தாதாரர் படம் பிடித்து அனுப்பினால் அவையும் உதவா. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக அள்ளப்படும் எழுத்து பற்றி ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

படம் மட்டும் போட்டு வணிகம் செய்வோரின் நிலை சற்றுக் கடினமானது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்று புது மாடலைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதை எடுத்து வேறொரு கடை தன் விளம்பரத்தில் போட்டால் தட்டிக் கேட்கலாம். படத்தைப் பார்த்து அதே கொலுசைச் செய்தால் நிலைமை வேறு. வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டுவிட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துபோகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. வடிவமைப்புப் பதிவுக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வந்துவிட்ட வடிவத்தைப் பதிய முடியாது. ஆகவே தளத்தில் படம் ஏற்றும் நாளே உரிமை இழக்கும் நாளாகிவிடக்கூடும். முதலில் பதிவு, பிறகு படம் என்பதே இங்கே சரியான வரிசை. படத்தைச் சிறிய அளவில் போடுவதும் குறுக்கே கடையின் பெயரைப் பொறிப்பதும் படம் திருடுபோவதைக் குறைக்கும், வடிவத்தைக் காப்பாற்றாது.

நகல் வெளியாகிவிட்டால் சட்டம் தரும் முதல் வழி புகார். உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவித்தால், பயனர்களின் பதிவுகளைத் தாங்கும் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மறுபடி திறக்கலாம். அதனால் புகார் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது போதாது. தெரிந்தே செய்த மீறலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு 65ஏ பிரிவு 2 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. பூட்டால் திருட்டு நிற்காவிட்டாலும் உடைத்தவர் மீது குற்றம் சாட்ட அது உதவுகிறது. விமர்சனத்துக்கும் சொந்த ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதை மீறலாகக் காட்டிப் புகார் செய்வது செல்லாது.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை; படைத்த உடனே உரிமை பிறக்கிறது. ஆனால் யார் முதலில் வெளியிட்டார் என்பதை நிறுவ மூலக் கோப்புகளும் தேதியும் கையில் இருக்க வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம், 2023-இன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். நகலெடுத்தவர் மும்பையில் இருந்தாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி உரிமையாளர் தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே, சேலத்திலோ நாமக்கல்லிலோ, வழக்குத் தொடரலாம்.