கல்லில்லாத கல்வட்டம்

இங்கிலாந்தில் வாழும் நம் பழைய மாணவிகள் பலர் ஸ்ரோன்ஹெஞ் கல்வட்டத்தைப் பார்த்திருப்பர். அதே வில்ற்ஷயர் பகுதியில், ஏவ்பரிக் கிராமத்துக்கு அண்மையில், ஓவற்றன் குன்றின்மேல் இன்னொரு கல்வட்டம் உண்டு. சாங்சுவரி, அதாவது புனித இடம், என்பது அதன் பெயர். ஆனால் அங்கே பழைய கல் ஒன்றுகூட இல்லை. புல்வெளியில் வட்டம் வட்டமாகப் பதிக்கப்பட்ட சீமெந்துக் கட்டைகளே இருக்கின்றன. அவை அங்கே வந்த வரலாறு நாம் அறிய வேண்டியது.

ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன், இரும்பை அறியாத மக்கள் இக்குன்றில் மரத்தூண்களை வட்டங்களாக நட்டனர். ஒன்றினுள் ஒன்றாக இரு கல்வட்டங்களும் இங்கே எழுந்தன. வெளிவட்டத்தின் குறுக்களவு சுமார் 40 மீற்றர். இங்கிருந்து இருமருங்கும் சோடி சோடியாகக் கற்கள் நட்ட பாதையொன்று, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தூரம், ஏவ்பரியின் பெருவட்டம் வரை சென்றது. உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் அது. ஒரு கிராமத்தின் பகுதி இன்று அதனுள்ளே அமைந்திருக்கிறது.

1720களில் வில்லியம் ஸ்ரூக்லி என்ற அறிஞர் இங்கு வந்து கற்களை அளந்து, வரைந்து, குறிப்பெழுதினார். அப்போதே அழிவு தொடங்கிவிட்டது. கல்லின் கீழ் குழி தோண்டித் தீ மூட்டி, சூடேறியதும் குளிர்நீர் ஊற்றிச் சம்மட்டியால் உடைப்பார்கள். உடைந்த துண்டுகள் வீட்டுச் சுவர்களாயின. சாங்சுவரியின் கற்களும் 1724 அளவில் அகற்றப்பட்டு, நிலம் உழப்பட்டது. அதன்பின் இருநூறு ஆண்டுகளாக அது இருந்த இடமே மறந்துபோயிற்று.

அதைத் தேடிக் கண்டவர் ஒரு பெண். 1869இல் வேல்ஸில் பிறந்து, செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியில் சிறிது காலம் பயின்ற மோட் கன்னிங்ரன் அவர். கணவர் பென்னுடன் சேர்ந்து வில்ற்ஷயர் எங்கும் அகழாய்வு செய்தவர். முதலாம் உலகப் போரில் மகனை இழந்த பின்னரும் அப்பணியை அவர் விடவில்லை. 1930இல் ஸ்ரூக்லியின் குறிப்புகளைத் துணைகொண்டு ஓவற்றன் குன்றைத் தோண்டினார். மண்ணை விலக்கியதும் கற்கள் நின்ற குழிகளும், மரத்தூண்கள் நின்ற குழிகளும் வட்டங்களாக வெளிப்பட்டன. ஒரு கல்லின் அருகே இளவயதினர் ஒருவரின் எலும்புக்கூடும், அதனுடன் மட்பாண்டமும் கிடைத்தன. பின்னர் குழிகள் இருந்த இடங்களைக் காட்டவே சீமெந்துக் கட்டைகள் பதிக்கப்பட்டன. கன்னிங்ரன் தம்பதியர் அந்நிலத்தை விலைக்கு வாங்கி நாட்டுக்கு வழங்கினர். 1948இல் அவருக்கு சி.பி.ஈ. விருது கிடைத்தது.

ஸ்ரூக்லியால் சம்மட்டியைத் தடுக்க முடியவில்லை. அளந்து எழுதிவைக்க மட்டுமே முடிந்தது. அந்த எழுத்து இல்லையேல், எங்கே தோண்டுவதென்று கன்னிங்ரனுக்கு யார் சொல்லியிருப்பார்?

நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். இடப்பெயர்வுகளில் வீட்டுப் படங்களையும் பரிசுப் புத்தகங்களையும் இழந்தவர்கள் நம்மிடையே பலர். இழந்தவற்றை மீட்க முடியாமற் போகலாம். ஆயினும் எந்த மண்டபம் எங்கே நின்றது, எந்த ஆசிரியை எதைக் கற்பித்தார், எந்த ஆண்டு விடுதி மூடப்பட்டது என்பவை இன்னும் நம் மூத்த சகோதரிகளின் நினைவில் உள்ளன. அவர்களிடம் கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் இப்போதே எழுதிவைப்போம். அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுக்கப்போகும் மாணவிக்கு அது வழிகாட்டும்.