நன்னீர்த் தொட்டியும் பவளத் தொட்டியும்: கைமாறிய நுட்பங்கள்

1846இல் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கல்பவள உயிர்களை லண்டனுக்கு எடுத்து வந்தார் அன்னா தின். அடைத்து வைத்த கடல்நீர் சீக்கிரமே கெட்டுவிடும். அதனால் வேலைக்காரப் பெண் ஒருவர் திறந்த ஜன்னலருகே நின்று, அரை மணியோ முக்கால் மணியோ அந்த நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஆற்ற வேண்டியிருந்தது. மறு ஆண்டு தின் கடற்பாசிகளையும் உள்ளே சேர்த்தார். அதே நகரத்தில் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் 12 காலன் பாத்திரத்தில் வளர்த்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியதும் குளத்து நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. 1850இல் அதை வேதியியல் கழக இதழில் எழுதினார். செடி பிராணவாயு தரும், மீன் கழிவு தரும், நத்தை அழுகலைத் தின்னும் என்ற இந்தக் கணக்கைப் பிறகு கடல்நீரிலும் போட்டுப் பார்த்தார். மீன்தொட்டி வரலாறு எழுதுவோர் வாரிங்டனுக்கு ஒரு பக்கமும் தின்னுக்கு ஒரு வரியும் ஒதுக்குவது வழக்கம். அது நியாயமில்லை.

இன்று நன்னீர்க்காரர்களும் பவளக்காரர்களும் வேறு வேறு கடை, வேறு வேறு பேச்சு என்று பிரிந்து நிற்கிறார்கள். ஆனால் தொட்டி வளர்ப்பில் ஏற்பட்ட பல திருப்பங்களின் தடம் பிடித்துப் போனால், அது எதிர்த்தரப்பின் தொட்டியில் போய் நிற்கிறது. சில நேரம் இருவருக்கும் உறவில்லாத சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்களே என்று 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி காட்டினார். கல் படுக்கையின் மேல் கழிவுநீரைத் தெளித்துச் சொட்டவிடும் முறை இங்கிலாந்தில் அந்தப் பத்தாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. மீன் வளர்ப்போர் கைக்கு இந்த அறிவு வெகு தாமதமாகவே வந்தது. கூழாங்கல்லுக்கு அடியில் பலகை வைத்து, கல் வழியே நீரை உறிஞ்சும் அடிமணல் வடிகட்டி நன்னீர்த் தொட்டிகளில் பழகிய பிறகு, 1950களின் இறுதியில் ராபர்ட் ஸ்ட்ரான் போன்றவர்கள் அதைக் கடல்நீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். மீன்கள் பிழைத்தன. பவளங்கள் பிழைக்கவில்லை.

இந்தோனேசியாவின் லீ சின் எங் வேறு வழி பிடித்தார். 1961இல் அவர் எழுதிய கட்டுரையில் வடிகட்டியே கிடையாது. உயிர்கள் ஒட்டிய கடற்பாறை, வெளிச்சம், மெதுவாக எழும் காற்றுக் குமிழ்கள் ஆகியவைதான் அவருடைய கருவிகள். வாரிங்டனின் சமநிலைக் கணக்கை வெப்பக் கடலுக்கு மாற்றி எழுதியது போன்ற முறை அது. அந்தக் காலத்தில் பலர் அதை நம்பவில்லை.

1986இல் நெதர்லாந்தின் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதிய தொடர், சாக்கடைப் பொறியாளரின் சொட்டு வடிகட்டியைப் பவளத் தொட்டிக்கு அடியில் கொண்டுவந்து வைத்தது. தொட்டியிலிருந்து வழியும் நீர் துளையிட்ட தட்டில் விழும். அங்கிருந்து பிளாஸ்டிக் பந்துகளின் மேல் சொட்டும். காற்றும் ஈரமும் சேர்ந்த அந்தப் பரப்பில் நுண்ணுயிர்கள் செழிக்கும். நன்னீர்க்காரர்களும் அதை வாங்கி வைத்தார்கள். அது தன் வேலையை அளவுக்கு மீறி நன்றாகச் செய்ததுதான் சிக்கல். அம்மோனியா போய்விடும், நைட்ரேட் ஏறிக்கொண்டே இருக்கும். மீன் அதைத் தாங்கும்; பவளத்துக்கு ஒத்துவராது. பெர்லின் வளர்ப்பாளர்களோ உயிர்ப்பாறை, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கடும் வெளிச்சம், பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய சுண்ணாம்புத் தெளிநீர் ஆகியவற்றை நம்பினார்கள். பாறையின் உட்புறத்தில் பிராணவாயு எட்டாத இடங்களில் நைட்ரேட் நைட்ரஜனாகி வெளியேறுகிறது. லீ சொன்னது இருபது வருடத்துக்கும் மேல் கழித்து வேறு பெயரில் வென்றது.

நன்னீர்ப் பக்கத்தில் இதற்கு இணையான வேலையைச் செய்தவர் டயானா வால்ஸ்டட். 1999இல் வந்த அவருடைய நூல், கூழாங்கல்லுக்கு அடியில் சாதாரணத் தோட்டமண் போடச் சொன்னது. பல செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும், ஆகவே செடியே வடிகட்டி என்பது அவர் வாதம்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் பயணம் இன்னும் சுவையானது. 1980களில் ஜெர்மனியில் டூப்ளா நிறுவனத்தினர் செடித்தொட்டிக்கு அதை ஒழுங்காக வடிவமைத்துக் கொடுத்தார்கள்: சிலிண்டர், ரெகுலேட்டர், குமிழ் எண்ணும் சிறு கண்ணாடிக் குழல், பி.எச். பார்த்து வாயுவை நிறுத்தும் வால்வு. 1990களில் அதே சாமான்கள் பவளத் தொட்டிக்குப் போயின, பயன்தான் மாறியது. வாயு தொட்டிக்குள் போகாமல், பவளச்சிதறல் நிரப்பிய மூடிய குழாய்க்குள் போகும். அங்கே பி.எச். 6.5 வாக்கில் இறங்கும். செத்த பவளம் கரைந்து கால்சியமும் கார்பனேட்டும் வெளிவரும். உயிருள்ள பவளம் அதைக் கொண்டு கூடு கட்டும்.

உரம் விஷயத்தில் பாடம் அதே திசையில் தாமதமாகப் போனது. பால் சியர்ஸும் கெவின் கான்லினும் 1996இல் செடித்தொட்டிக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த ஊட்டக்கரைசல் ஒன்றை முன்வைத்தார்கள். அப்போது பவளக்காரர்கள் நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யமான தொட்டியில் பவளம் வெளிறுவதைப் பார்த்த பிறகே அவர்களும் சொட்டு சொட்டாக நைட்ரேட் விடத் தொடங்கினார்கள்.

எல்லாமே கரை தாண்டவில்லை. கடல்நீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்கும். அவற்றின் மேல் அழுக்கு ஒட்டி நுரையாக ஏறும். நன்னீரில் அவை கூடிப் பெருத்து வெடித்துவிடும். அதனால் ஸ்கிம்மர் உப்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

நுண்ணுயிர் ஆய்வில் மட்டும் இரு தொட்டிகளும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல் சொன்ன நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் டிமதி ஹோவனெக் குழு எழுதியது. 2005இல் சியாட்டில் மீன்காட்சியகத்தின் கடல்தொட்டிக் கூழாங்கல்லிலிருந்து, அம்மோனியாவை மாற்றும், ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்று முதல்முறையாகத் தனித்து வளர்க்கப்பட்டது. பல நன்னீர் வடிகட்டிகளிலும் ஆர்க்கியாவே பெரும்பான்மை என்று 2011இல் இன்னோர் ஆய்வு காட்டியது. 2015இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே உயிர் செய்வது தெரியவந்தது. அதுவும் நைட்ரோஸ்பைராதான்; அதை வெளிக்கொண்டுவந்த இரு ஆய்வுகளில் ஒன்றுக்கு மாதிரி கிடைத்தது மீன்பண்ணை ஒன்றின் சொட்டு வடிகட்டியில்.