தாலீம்

டிசம்பர் வந்தால் புனேயின் கேம்ப் பகுதித் தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் ஒத்திகைக்குக் கூடும். ஒத்திகைக்கு மராத்தியில் வழங்கும் சொல் 'தாலீம்'. இது அரபியின் 'தஃலீம்', அதாவது கற்பித்தல். அறிவைக் குறிக்கும் 'இல்ம்' அதே வேரில் பிறந்தது.

மராத்தியில் மல்லர்களின் பயிற்சிக்கூடமும் தாலீம்தான். புனேயின் கணேச விழாவில் முதல் மரியாதை பெறும் ஐந்து கணபதிகளில் மூன்றாவதான குருஜி தாலீம் அந்தப் பொருளைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 'சங்கீத சாகுந்தல' என்ற மராத்தி இசை நாடகத்தை அரங்கேற்றியதும் இதே ஊரில்தான்; நாடகக்காரர்களுக்கு நடிப்பும் பாட்டும் பழகுவது தாலீம். இந்துஸ்தானி இசையிலோ குரு சீடரை எதிரே அமர்த்தி ஆண்டுக்கணக்கில் தரும் பாடத்துக்கே அந்தப் பெயர். உடம்பையும் குரலையும் ஒரே சொல்லால் பழக்குகிறார்களே, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

தமிழின் 'ஒத்திகை' ஒத்தல் என்பதிலிருந்து வந்தது. தாலீமில் கற்பிப்பவர் முன்னே நிற்கிறார். ஒத்திகையில் பலர் ஒருவரோடொருவர் இசைகிறார்கள். நால்வகைக் குரல்களும் வாத்தியக் குழுவும் சேரும் புனித இசைக்கு இரண்டுமே வேண்டும். அத்தகைய படைப்பான, இசையமைப்பாளர் ஹெண்டலின் 'மெசையா' 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது. அதற்கு நான்கு நாள் முன்பு, 9ஆம் தேதி நடந்த ஒத்திகையையே மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள்.